கருத்தடை ஆபரேஷன் முடிந்த பூனைக்குட்டிக்கு எதைப் போடலாம்: கோனா, பனியன் சட்டையா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டி மயக்கம் தெளியாமல் கூடையில் கிடக்கும்போது போனும் கையுமாகத் தேடுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், சரியான அளவில், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கோன் (வாய் காயத்தை எட்டாதபடி கழுத்தில் மாட்டும் புனல்) வாங்குங்கள். இரண்டு முடியும் என்றால் அதோடு குட்டியின் அளவுக்குத் தைத்த பருத்திப் பனியன் சட்டை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றி வளையமாக வரும் மெத்தைக் காலரை வயிற்றுத் தையலுக்காக வாங்கவே வேண்டாம். ஆன்லைனில் வரும் ரெடிமேட் சட்டை அளவு பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டால் அதைப் போடாமல் இருப்பதே மேல்.

எங்கள் மல்லிக்கு ஐந்து மாதம் ஆகப் போகிறது, எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. நாட்டுப் பூனைதான். "இவ்வளவு சின்னதுக்கா ஆபரேஷன்?" என்று கேட்காதவர்கள் இல்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். பெண் பூனைகள் நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், சினை ஒன்பது வாரம்தான், அப்படியென்றால் குட்டியே குட்டி போடும். 6 மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்குப் பிற்காலத்தில் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 91 விழுக்காடு குறைகிறது என்று 2005-இல் வந்த ஆய்வு சொல்கிறது, ஒரு வயதுக்குள் என்றால் 86. கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோயும் அப்புறம் வராது. ஆக, செய்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதற்கடுத்த இரண்டு வாரம் அந்தத் தையலை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி.

பூனையின் நாக்கை விரலில் நக்கவிட்டுப் பார்த்திருப்பீர்கள், உப்புத்தாள் போல இருக்கும். அந்தச் சொரசொரப்பு முழுவதும் பின்பக்கம் வளைந்த சின்னச் சின்ன முட்கள், நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆனவை. உதிர்ந்த முடியைக் கொத்தாக இழுத்தெடுக்கும் அந்த முட்கள் தையல் போட்ட நைலான் முடிச்சையும் அதே மாதிரி இழுக்கும். "நாக்குப் பட்டாலே புண் ஆறிடும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள், ஆனால் பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி சாதாரணமாகவே குடியிருக்கிறது, பூனைக் கடி நமக்குச் சீக்கிரம் சீழ் வைப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான். ஆறாத கீறலுக்குள் அது போனால் நல்லது நடக்காது.

இன்னொரு விஷயம், நாம் வெளியே பார்க்கும் தையல் மேல் தோல் மட்டும்தான். உள்ளே வயிற்றுத் தசைகள் நடுவில் சேரும் வெள்ளைக் கோடு ஒன்று இருக்கிறது, அதைத் திறந்துதான் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுக்கிறார்கள், அதைத் தனியாக, கரையும் நூலால் தைக்கிறார்கள். முதல் நாலைந்து நாளைக்குக் காயத்துக்கென்று சொந்தப் பலம் எதுவும் கிடையாது, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது நூல்தான், அதற்குப் பிறகுதான் புதுத் திசு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். குட்டியோ மறுநாள் காலையிலேயே பீரோ மேல் ஏறப் பார்க்கும். வெளியே இருந்து பார்த்தால் குணமாகிவிட்டது போலவே தெரியும், அதை நம்பிக் கோனைக் கழற்றக் கூடாது. 10 முதல் 14 நாள் என்று டாக்டர் சொன்னால் அது 10 முதல் 14 நாள்தான்.

சரி, பொருளுக்கு வருவோம்.

பிளாஸ்டிக் கோன். உள்ளூர் பெட் ஷாப்பில் 200 ரூபாய்க்குள் கிடைத்தது. தட்டையான தாள் மாதிரி வரும், சுருட்டி, பொத்தானை ஓட்டையில் மாட்ட வேண்டும். கடையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று எடுத்துப் போடுவார்கள், அதைக் கேட்டு வாங்காதீர்கள், குட்டியின் கழுத்துச் சுற்றளவையும் கழுத்திலிருந்து மூக்கு நுனி வரை உள்ள நீளத்தையும் அளந்துகொண்டு போங்கள். மாட்டிய பிறகு கழுத்துக்கும் கோனுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் முன்னங்காலை விட்டுத் தள்ளிக் கழற்றிவிடும், அதற்குக் கீழே என்றால் மூச்சுக்கும் விழுங்குவதற்கும் சிரமம். கோனின் வாய் மூக்கைத் தாண்டி ஓர் அங்குலமாவது முன்னால் நிற்க வேண்டும். மூக்கும் விளிம்பும் சமமாக இருந்தால் அது வெறும் அலங்காரம், பூனையின் முதுகெலும்பு வளைகிற வளைவுக்கு அது வயிற்றை எட்டிவிடும்.

ஒளி ஊடுருவாத வெள்ளைக் கோனும் விற்கிறார்கள், விலை இன்னும் கம்மி. வேண்டாம். பூனைக்குப் பக்கப் பார்வை முழுக்க அடைபட்டுவிடுகிறது, யார் வருகிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளுகிறது, துள்ளுவதுதான் நமக்கு வேண்டாத விஷயமே.

கோனின் குறைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். கதவு நிலையில் இடிக்கும், பின்னாலேயே நடக்கும், லிட்டர் தட்டில் குனிந்தால் மணலை அள்ளிக்கொண்டு வரும். குழிவான கிண்ணத்தில் மல்லியால் சாப்பிடவே முடியவில்லை, கோனின் விளிம்பு தரையில் தட்டி நின்றுவிடும், வாய் சோற்றை எட்டாது. காபி டபராவைக் கவிழ்த்து, அதன் மேல் கோனைவிடக் குறுகலான சின்னத் தட்டை வைத்தோம், கோன் தட்டைச் சுற்றி இறங்கிக்கொண்டது, அப்புறம் பிரச்சினை இல்லை. கழுத்தில் படும் விளிம்பு கூர்மையாக இருந்தது, அதற்குக் காஸ் துணியைச் சுற்றி ஒட்டினோம். இரண்டு கிலோ உடம்புக்கு அதன் எடை அதிகம்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. ஆனாலும் ஆளில்லாத நேரத்திலும் ராத்திரியிலும் நான் நம்புவது இதைத்தான். வாய்க்கும் காயத்துக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்பது இது ஒன்றுதான். இன்னொரு பெரிய நன்மை, தையல் எந்த நேரமும் கண்ணுக்குத் தெரிகிறது, காற்றும் படுகிறது.

மெத்தை வளையம். காற்று அடைப்பது, பஞ்சு அடைப்பது என்று இரண்டு வகை இருக்கிறது. பார்க்க அழகு, தலையணை மாதிரி வைத்துத் தூங்கும், படங்களில் எல்லாப் பூனையும் நிம்மதியாக இருக்கும். ஆனால் வயிற்றுத் தையலுக்கு உதவாது. மல்லி அதைப் போட்ட கொஞ்ச நேரத்தில் பின்னங்காலைத் தூக்கி வளைந்து, வளையத்துக்கு வெளியே வாயை நீட்டித் தொடையை நக்க ஆரம்பித்துவிட்டாள், தொடையிலிருந்து தையல் எத்தனை தூரம்? உடனே கழற்றிவிட்டோம். 600 ரூபாய் போனதுதான் மிச்சம்.

ரெடிமேட் சட்டை. ஆன்லைனில் வாங்கியது, நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இந்தக் குறைகள் பல நிறுவனங்களின் சட்டைகளிலும் இருக்கின்றன. 2 முதல் 4 கிலோ வரை ஒரே அளவாம். இரண்டு கிலோ ஐந்து மாதக் குட்டியும் நாலு கிலோ வளர்ந்த பூனையும் ஒரே சட்டையைப் போட முடியுமா? வயிற்றில் தொளதொளவென்று, அக்குளில் மட்டும் இறுக்கமாக. தளர்வான சட்டைக்குள் பூனை ஒரு காலை உள்ளே இழுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்ளும், பயந்து உருளும், அது தையலுக்கும் ஆபத்து, குட்டிக்கும் ஆபத்து.

துணியைக் கையில் எடுத்ததும் பாலியஸ்டர் என்று தெரிந்தது, பூப்போட்ட பிரிண்ட், ஈரத்தை உறிஞ்சாது. முதுகில் வெல்குரோ, ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் வரும் கிழிகிற சத்தத்துக்கே மல்லி காதை மடக்கிக்கொண்டு ஓடினாள், அதன் கொக்கிகளில் முதுகு முடி சிக்கியது வேறு. இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், இரண்டு துண்டை இணைத்த ஓவர்லாக் தையல், தடித்துப் போய், சரியாக வயிற்றின் நடுக்கோட்டில் ஓடுகிறது. குட்டியின் காயமும் அதே நடுக்கோட்டில்தான். ஆபரேஷன் காயத்தை மூட என்றே விற்கும் சட்டையில், நடக்கும்போதெல்லாம் காயத்தின் மேலேயே உரசும்படி ஜாயின்ட் வைத்திருக்கிறார்கள். தைத்தவர்களில் ஒருவராவது உள்ளே கையை விட்டுப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால் எந்த நிறுவனத்தின் சட்டை வாங்கினாலும் முதலில் உள்பக்கம் திருப்பி வயிற்றுப் பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். தடிப்பு தட்டினால் திருப்பி அனுப்புங்கள், முடியாவிட்டால் உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள்.

நாங்கள் இருப்பது திருப்பூர். பனியன் துணிக்கு நாங்கள் ஆன்லைனில் அலைய வேண்டிய அவசியமே இல்லை. காதர்பேட்டைப் பக்கம் போனால் பிட் துணி கிலோ கணக்கில் கிடைக்கும், குழந்தைகள் உடுப்புக்குப் போகும் இன்டர்லாக் பருத்தி, கொஞ்சம் லைக்ரா கலந்தது, கால் கிலோ வாங்கினாலே மூன்று நாலு சட்டை வரும். இன்டர்லாக் என்று கேட்டு வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது, இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கும், வெட்டிய ஓரம் சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணி மாதிரி சுருண்டுகொள்ளாது. எங்கள் தெருமுனையில் தைக்கிற பையனிடம் கொண்டு போனேன்.

"இது எந்தக் குழந்தைக்குங்க்கா, கழுத்து இவ்வளவு சிறுசா இருக்குது?"

"குழந்தைக்கு இல்ல தம்பி, பூனைக்குட்டிக்கு. வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்குது."

சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அப்ப ஜாயின்ட் வயித்துல வரக் கூடாதுங்க்கா, முதுகுல திறப்பு வச்சுக்கலாம், ஓவர்லாக் மடிப்பு வெளிய வர்ற மாதிரி போட்டுத் தர்றேன்" என்றான். நான் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. பூனை வளர்ப்பவன் இல்லை, உடம்பில் துணி எங்கே உரசும் என்று தெரிந்தவன். விலையுயர்ந்த ரெடிமேட் சட்டையில் இல்லாதது அந்தப் புத்திதான்.

வெட்டு ரொம்ப எளிது. ஒரே துண்டுத் துணி வயிற்றைச் சுற்றி மேலே வந்து முதுகில் மூடுகிறது, முன்னங்காலுக்கு இரண்டு ஓட்டை, பின்னங்காலுக்கு இரண்டு, ஓட்டை ஓரங்களில் எலாஸ்டிக் கிடையாது, மென்மையான ரிப் பட்டை. முதுகில் பிளாஸ்டிக் பிரஸ் பட்டன். வால் பக்கம்தான் கவனம் வேண்டும், பெண் பூனைக்கு மூத்திரத் துவாரம் ஆசனவாய்க்குக் கொஞ்சம் கீழேயே இருக்கிறது, ஆகவே அங்கே துணியை ஆழமாக ப வடிவத்தில் குடைந்து வெட்ட வேண்டும், துவாரத்துக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் ஈரமாகாது, அதற்காக ரொம்பக் குடைந்தால் தையலின் பின் நுனி வெளியே வந்துவிடும். முதல் சட்டையில் கொஞ்சம் நனைந்தது, தம்பி மறுபடி குடைந்து கொடுத்தான். தையல் கூலி ஒன்றுக்கு 80 ரூபாய், துணியையும் சேர்த்து மூன்று சட்டைக்கு ஆன செலவு அந்த ஒரு ரெடிமேட் சட்டையைவிடக் குறைவு.

திருப்பூரில் இல்லாதவர்களுக்கு: பச்சைக் குழந்தையின் முழுக்கைப் பனியன், அல்லது பழைய டீ ஷர்ட்டின் கை, இன்னும் சின்னக் குட்டி என்றால் பெரியவர்களின் பருத்திச் சாக்ஸ், இவற்றில் நாலு ஓட்டை வெட்டினாலே வேலை ஆகும். வெட்டிய ஓரத்தில் நூல் தொங்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். பூனை நூலை விழுங்கினால் அதன் ஒரு முனை எங்கேயாவது மாட்டிக்கொண்டு குடலைச் சுருக்கி அறுத்துவிடும், அதற்கு இன்னொரு ஆபரேஷன், இதைவிடப் பெரியது.

சட்டை போட்டதும் குட்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழும், கால் விளங்காதது போலத் தரையோடு தரையாக நகரும். பயப்பட வேண்டாம். உடம்பில் துணி படுவது அதற்குப் புதிது, பல பூனைகள் அப்படித்தான் செய்யும். மல்லி சாயங்காலம் வரை சோபாவுக்கு அடியில் மரக்கட்டையாகக் கிடந்தாள், மீன் வாசனைக்கு எழுந்து வந்தாள், அப்புறம் சட்டை இருப்பதையே மறந்துவிட்டாள். சட்டை போட்டதிலிருந்து மூத்திரம் போகவில்லை, சாப்பிடவில்லை என்றால் மட்டும் கழற்றிவிட்டுக் கோனுக்கு மாறுங்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. வீட்டில் இன்னொரு பூனை இருக்கிறது, அவன் மல்லியைக் குட்டியிலிருந்தே நக்கி வளர்த்தவன், ஆபரேஷன் முடிந்து வந்ததும் மருந்து வாசனைக்கு முதலில் சீறினான், அடுத்த நாள் வயிற்றை நக்க வந்தான். கோன் மல்லியின் வாயைத் தடுக்கும், அவன் வாயைத் தடுக்காது. சட்டை தடுக்கும். இரண்டு பூனை உள்ள வீட்டில் சட்டையும் வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் முதல் காரணம்.

குறை இல்லாமல் இல்லை. துணிக்கு மேலேயே நக்கும். வயிற்றில் வட்டமாக ஈரம் தெரிந்தால் அது மூத்திரம் அல்ல, எச்சில், அந்த ஈரத் துணி காயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் காயம் ஊறும். உடனே சட்டையை மாற்றி, மேலே கோனையும் போட்டுவிட வேண்டும். அடுத்தது வெயில், எங்கள் ஊர் சித்திரை வெயிலில் சட்டைக்குள் காயம் புழுங்காமல் இருக்க மின்விசிறிக்குக் கீழேயே படுக்கை போட்டோம், மத்தியானத்தில் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழற்றியும் வைத்தோம். மூன்றாவதுதான் பெரிய குறை, சட்டை காயத்தை மறைத்துவிடுகிறது. மறைந்திருப்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றிவிடும். காலையும் சாயங்காலமும் பட்டனைப் பிரித்துப் பார்க்காதவர்கள் சட்டை வாங்காமல் கோனோடு நிறுத்திக்கொள்வது நல்லது, இதை மனதார, நல்லதுக்காகச் சொல்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? ஒருவர் குட்டியை அக்குளில் பிடித்து, பின்பாதி மடியில் இருக்கும்படி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இன்னொருவர் ஜன்னல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுக்க வேண்டும். கையால் தொடத் தேவையில்லை. தினமும் அதே இடம், அதே வெளிச்சம். நேற்றுப் பார்த்ததை இன்று மனசு சரியாக நினைவு வைக்காது, படம் வைத்திருக்கும். மல்லிக்கு முடி மழித்த வயிறு இளஞ்சிவப்பாக, நடுவில் ஒரு விரல்கடை அளவுக்குக் கீறல், நீல நைலான் முடிச்சுகள் வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் வெட்டிவிட்ட இரண்டு நுனி குத்திட்டு நின்றன. முதல் நாள் ஓரங்கள் லேசாகச் சிவந்து, ஒரு முடிச்சின் அடியில் காய்ந்த ரத்தப் புள்ளி. இது இயல்பு. இரண்டாம் நாளிலிருந்து காயம் உலர்ந்திருக்க வேண்டும், இரண்டு ஓரமும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும்.

நாலைந்து நாள் கழித்துக் காயத்துக்குக் கீழே பட்டாணி அளவில் கெட்டியாக ஒரு மேடு தெரியலாம். நிறையப் பேர் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். உள்ளே இருக்கும் கரையும் நூலை உடம்பு கரைக்கும்போது வரும் வீக்கம் அது, வலி இல்லாமல், சூடு இல்லாமல், பெரிதாகாமல் இருந்தால் சில வாரத்தில் தானே அமுங்கிவிடும். படத்தை டாக்டருக்கு அனுப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆனால் மேடு நாளுக்கு நாள் பெருத்தால், அழுத்தினால் கொழகொழவென்று இருந்தால், சிவப்பு பரவினால், மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால், நாற்றம் அடித்தால், ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே கொண்டு போக வேண்டும். காயம் வாய் பிளந்து உள்ளேயிருந்து ஏதாவது எட்டிப் பார்த்தால் அன்றைக்கு என்பதே தாமதம், சுத்தமான ஈரத் துணியால் மூடி, கோனைப் போட்டு, அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். ஈறு வெளுத்துப் போய் ஒரேயடியாகச் சோர்ந்து கிடந்தாலும் அப்படித்தான், வெளியே காயம் அழகாக இருக்கும், உள்ளே ரத்தம் கசியலாம். பூனையின் உடல் சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு, நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சல் மாதிரிதான் தெரியும், ஆகவே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மேலே என்ன தடவுவது என்று கேட்பீர்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காத எதையும் தடவ வேண்டாம். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "கண்ணு, கொஞ்சம் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொழைச்சுப் பத்துப் போடு, ரெண்டு நாள்ல ஆறிப் போயிரும்" என்றார். அக்கறைதான், நம் முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் அதைத்தானே போட்டு வளர்த்தார்கள். ஆனால் தைத்த காயத்துக்கு வேண்டியது உலர்வு, எண்ணெய்ப் பத்து அதைக் கெடுக்கும், எண்ணெய் வாசனைக்கே குட்டி கூடுதலாக நக்கும். டெட்டால் கூடவே கூடாது, அதிலிருக்கும் குளோரோசைலினால் என்ற வேதிப்பொருள் பீனால் வகையைச் சேர்ந்தது, பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதுத் திசுவையே எரித்துவிடும்.

வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதக் குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பும் அதே மருந்துதான். பூனைக்கு அது விஷம், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியையே அது கெடுத்துவிடும், ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். டாக்டர் எடைக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் மெலாக்சிகாம் மாதிரி மருந்து மட்டும், அவர் சொன்ன அளவு, அவர் சொன்ன நாள். அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம், சிறுநீரகத்தைத் தாக்கும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். முதல் ராத்திரி கட்டிலில் படுக்க வைக்காமல் தரையில், சூடாக, வெளிச்சம் குறைவாக. லிட்டர் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், களிமண் தூள் ஈரக் காயத்தில் அப்பிக்கொள்ளும். இரண்டு வாரம் குளியல் கிடையாது. குதிப்பதைத் தடுக்க நாய்க்கான பெரிய மடக்குக் கூண்டு ஒன்று இரவல் கிடைத்தால் எவ்வளவோ உபகாரம், கிடைக்காவிட்டால் மேலே ஏற எதுவும் இல்லாத ஓர் அறையைக் காலி செய்து விடுங்கள். விலாப்பக்கம் கீறி ஆபரேஷன் செய்யும் டாக்டர்களும் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள், தெருப் பூனைகளுக்கு அது வசதி, தூரத்திலிருந்தே தையல் தெரியும். அப்படி என்றால் சட்டையின் ஜாயின்ட் விலாவில் வராமல் பாருங்கள், கோன் அளவில் மாற்றம் இல்லை. நடுவயிறா விலாவா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிட்டால் துணி வெட்டுவதற்கு முன் தெரிந்துவிடும்.

தோலுக்குள்ளேயே மறையும் கரையும் தையல் போட்டிருந்தால் பிரிக்க வேண்டியதில்லை, காட்டிவிட்டு வந்தால் போதும். மல்லிக்கு வெளித்தையல், டாக்டர் கத்தரி நுனியால் ஒவ்வொரு முடிச்சையும் தூக்கி வெட்டி இழுத்தார், மல்லி ஒரு முறை முனகினாள், வேறு சத்தமே இல்லை. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கோனைக் கழட்டாதீங்க" என்றார், காரணம் நியாயமானது, தையல் எடுத்த சின்னத் துளைகள் அரிக்கும், இத்தனை நாள் நக்க முடியாமல் இருந்தது எல்லாவற்றையும் சேர்த்து அங்கேதான் நக்கும்.

ஆக, மதிப்பெண் கேட்டால் 5-க்கு இப்படிக் கொடுப்பேன்: ஒளி ஊடுருவும் கோனுக்கு 4, தைத்த பனியன் சட்டைக்கு நாளுக்கு இரண்டு முறை பிரித்துப் பார்ப்பவர் கையில் 4.5, ரெடிமேட் சட்டைக்கு 2, மெத்தை வளையத்துக்கு இந்த வேலையைப் பொறுத்தவரை 1.

தைக்கக் கொடுப்பவர்களுக்காக மல்லியின் அளவு: கழுத்துச் சுற்று 18 செ.மீ., முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று 28, கழுத்திலிருந்து வால் அடிவரை 27. சுற்றளவுகளில் ஒரு விரல் தளர்வு சேர்க்கச் சொல்லுங்கள், நீளத்தில் சேர்க்க வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே அளந்து தைத்து, ஒரு முறை துவைத்து, ஒரு நாள் போட்டுப் பழக்கிவிடுங்கள், பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும்.